ஆண்டிவைரஸ் ஏறலன்னா இன்னொரு ஆண்டிவைரஸ் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்ட் லெப்டாப் வாங்குறவங்க முதல் வேலையா ஆண்டிவைரஸ் போட்டுடணும்னு உங்க பத்திரிகையில வந்த ஆலோசனைய படிச்சேன். நல்ல ஆலோசனைதான், ஆனா அத நம்பி ஆண்டிவைரஸ் போடப் போயி அது ஏறவே மாட்டேங்குதுன்னு லெப்டாப்ப பைக்குள்ள போட்டு தூக்கிட்டு எங்க கடைக்கு வர்றவங்க நெறைய பேரு, அதனால மிச்ச பாதிய நான் எழுதிடலாம்னு இந்தக் கடிதம். ஜெலுத்தோங் பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். கடிதம் கொஞ்சம் நீளமாதான் போகும், இடம் பத்தலன்னா வெட்டிக்கோங்க, ஆனா ஆட்டோபைலட்னு ஒண்ணு பத்தி கீழ எழுதியிருக்கேன், அத மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஓப்பிஸ்ல இருந்து வர்ற பழைய லெப்டாப் வாங்குறத நான் குறை சொல்லல. பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்க ஃபேக்டரிங்க, ஜார்ஜ்டவுன்ல இருக்க ஓப்பிஸ்ங்க எல்லாம் சில வருசத்துக்கு ஒரு தடவ லெப்டாப்ப மொத்தமா மாத்துவாங்க, பழசு எல்லாம் மொத்த வியாபாரிகிட்ட போயி, அங்க இருந்து கொம்தார், பிராங்கின் மால் கடைங்களுக்கும், கோலாலம்பூர்னா லோ யாட் பிளாசாவுக்கும், மிச்சம் ஆன்லைனுக்கும் வந்து சேரும். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் இதெல்லாம் ஓப்பிஸுக்குன்னே செஞ்ச மாடல், கீபோர்டு, கீல் எல்லாம் அதே காசுக்கு புதுசா வாங்குற பிளாஸ்டிக் லெப்டாப்ப விட உறுதி. தூக்கிப் போட்டா மின்கழிவு, நம்ம நாட்டுச் சட்டத்துல எஸ்டபிள்யூ 110னு நம்பர் குடுத்து கண்ட இடத்துல கொட்டக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. அதுக்கு இன்னும் அஞ்சு வருசம் ஒரு பிள்ளை படிக்க உதவினா நல்லதுதானே. யுனிவர்சிட்டி போற பிள்ளைங்களுக்கும், இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) வந்ததுல இருந்து கணக்கு எழுத ஒரு லெப்டாப் வேணும்னு அலையுற சின்ன வியாபாரிங்களுக்கும் இதுதான் கட்டுபடியாகுது.

பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, வாங்கிட்டு வந்து ஆண்டிவைரஸ் போடுவாங்க, பாதி வரைக்கும் ஓடி திரும்ப பின்னாடி போயிடும். இல்லன்னா 'வேற பாதுகாப்பு மென்பொருள் இருக்கு, முதல்ல அத எடு'ன்னு சொல்லும், இவங்க தேடிப் பாப்பாங்க, லிஸ்ட்ல ஒண்ணுமே இருக்காது. இல்லன்னா 'உங்க நிர்வாகிய தொடர்பு கொள்ளுங்க'ன்னு வரும். நிர்வாகி யாரு? லிட்டில் இந்தியாவுல பூக்கடை வச்சிருக்க ஒரு அக்கா இதத்தான் கேட்டாங்க, "தம்பி, நான்தான் காசு குடுத்து வாங்குனேன், என் வீட்டு மேசையில இருக்கு, இதுக்கு யாரு நிர்வாகி?"ன்னு. அவங்க அதுக்குள்ள ஒரு ஆண்டிவைரஸ் வாங்கி, அது ஏறலன்னு கடைக்காரர் சொன்ன இன்னொண்ணையும் வாங்கியிருந்தாங்க. அதுவும் ஏறல. ரெண்டு லைசன்ஸ் காசும் போச்சு, லைசன்ஸ் அட்டைய சுரண்டிட்டா எவனும் திருப்பி எடுக்க மாட்டான்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஓப்பிஸ் லெப்டாப்ல ஆண்டிவைரஸ் ஏறலன்னா முக்கால்வாசி நேரம் கோளாறு அந்த ஆண்டிவைரஸ்ல இல்ல, அந்த லெப்டாப் இன்னும் பழைய கம்பெனி புடியில இருக்கு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிட்டு ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) கெரான், அதாவது வண்டி உரிமைப் பத்திரத்துல பேரு மாத்தாம ஓட்டுற மாதிரிதான், வண்டி நம்ம வாசல்ல நிக்கும், ஆனா அதுல முடிவெடுக்குற உரிமை வேற ஒருத்தர்கிட்ட இருக்கும். அது புரியாம மேல மேல ஆண்டிவைரஸ் வாங்குறது வீண் செலவு.

சாதாரண காரணம் சிலது இருக்கு, அத வேகமா சொல்லிட்டுப் போறேன். தேதி தப்பா இருக்கான்னு பாருங்க. பழைய லெப்டாப்ல மதர்போர்டுல இருக்க பட்டன் பேட்டரி செத்துப் போயிருந்தா, சார்ஜ் மொத்தமா இறங்கினதும் தேதி பல வருசம் பின்னால போயிடும், தேதி தப்பா இருந்தா பாதுகாப்பு சர்ட்டிபிகேட் எதுவும் ஒத்துப்போகாது, இன்ஸ்டாலர் அதோட சர்வரோட பேசவே முடியாது, ஆனா ஸ்கிரீன்ல 'இன்டர்நெட் இல்ல'ன்னு என்னமோ சொல்லி உங்கள வைஃபை பெட்டிய தட்ட வைக்கும். பேட்டரி மாத்துறது சின்ன செலவு. அடுத்தது ரீஸ்டார்ட். 'அதான் ஷட்டவுன் பண்ணி திரும்ப ஆன் பண்ணேனே'ன்னு சொல்லுவாங்க, அது போதாது, விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் பண்ணாலும் உள்ள கொஞ்சத்த அப்படியே எழுதி வச்சிட்டு காலையில எடுத்துக்கும், முழுசா புதுசா கிளம்பணும்னா ரீஸ்டார்ட்தான் அழுத்தணும். அப்டேட் பாதியில நிக்குதுன்னா அது முடியுற வரைக்கும் பொறுங்க, ஒரு இன்ஸ்டால் ஓடும்போது இன்னொண்ணு உள்ள போகாது.

அப்புறம் பழைய ஆண்டிவைரஸோட மிச்சம். கன்ட்ரோல் பேனல்ல எடுத்துட்டாலும் அதோட டிரைவர் (விண்டோஸுக்கு அடியில ஓடுற சின்ன மென்பொருள்) சிலது உள்ளயே தங்கிடும், புது ஆண்டிவைரஸ் அத மோப்பம் புடிச்சிட்டு நான் வரமாட்டேன்னு நிக்கும். இதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன்னோட சாமான முழுசா துடைக்கிற சின்ன கருவி ஒண்ணு இலவசமா குடுக்குது, நார்ட்டன், மெக்கஃபி, காஸ்பர்ஸ்கி, ஈசெட், அவாஸ்ட் எல்லாத்துக்கும் இருக்கு, சிலத சேஃப் மோடுல (விண்டோஸ அத்தியாவசியமானத மட்டும் வச்சு கிளப்புறது) போயிதான் ஓட்டணும். அந்தந்த கம்பெனியோட சொந்த தளத்துல இருந்து மட்டும் எடுங்க. கூகுள்ல தேடுனா முதல்ல வர்ற விளம்பரத்த அழுத்திட்டு, அங்க இருக்க நம்பருக்கு போன் பண்ணி, எவனோ ஒருத்தன் தூரத்துல இருந்தே கம்ப்யூட்டர இயக்குற எனிடெஸ்க் போட்டு உள்ள வந்து பேங்க் கணக்க பாத்த கதையெல்லாம் இருக்கு. அப்படி ஏமாந்துட்டா யோசிச்சிட்டு உக்காராம உடனே உங்க பேங்குக்கோ மோசடி புகாருக்குன்னு இருக்க 997க்கோ போன் பண்ணுங்க, காசு அடுத்த கணக்குக்கு போறதுக்கு முன்னால நிறுத்த வாய்ப்பு இருக்கு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஓப்பிஸ்ல போடுற ஆண்டிவைரஸ் வீட்டுல போடுறது மாதிரி இல்ல. கம்பெனியோட ஐடி ஆளுங்க ஒரு இடத்துல உக்காந்துகிட்டு எல்லா லெப்டாப்பையும் பாக்குற மாதிரி அதுல ஒரு ஏஜென்ட் இருக்கும். வேலை செய்றவங்க எடுத்துடக்கூடாதுன்னுதான் அத செஞ்சிருக்காங்க, அதனால அன்இன்ஸ்டால் அழுத்துனா பாஸ்வர்டு கேக்கும், சிலது டோக்கன் கேக்கும். அந்த பாஸ்வர்டு கம்பெனி ஐடி ஆளுகிட்டதான் இருக்கும், வித்த கடைக்காரருக்கே தெரியாது. நம்ம பையனுங்க என்ன பண்றாங்க, புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள போயி அந்த ஃபோல்டர அழிக்கப் பாக்குறாங்க. பாதி அழியும், பாதி அழியாது, நெட்வொர்க்க வடிகட்டுற டிரைவர் மட்டும் அநாதையா நிக்கும், அதுக்கப்புறம் வைஃபை மாட்டினாலும் ஒரு பக்கம் கூட திறக்காது. அந்த நிலைமையில கொண்டு வர்றவங்கதான் அதிகம். தயவு செஞ்சு ஃபோல்டர அழிக்காதீங்க.

இதுக்கு ஒழுங்கான வழி ஒண்ணுதான், டிஸ்க்க முழுசா துடைச்சிட்டு விண்டோஸ புதுசா போடுறது. வேற நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து மீடியா கிரியேஷன் டூல்ங்கிறத எடுத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல போட்டுக்கலாம், லெனோவோ, டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9 அழுத்தி அதுல இருந்து கிளப்பி, பழைய பார்டிஷன் (டிஸ்க்க பிரிச்சு வச்ச பகுதி) எல்லாத்தையும் அழிச்சிட்டு போடணும். உள்ள உங்க ஃபைல் ஏதாவது இருந்தா முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் கேட்டா வராது. லைசன்ஸுக்கு பயப்பட வேணாம், விண்டோஸ் 8 காலத்துல இருந்து தயாரிக்கிறவங்க லைசன்ஸ் கீய மதர்போர்டுக்குள்ளயே எழுதி வச்சிடுறாங்க, அதே எடிஷன் போட்டா நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். ஓப்பிஸ் லெப்டாப்னா பெரும்பாலும் அது புரோ.

இத செய்ய முடியாம தடுக்குறது ஒண்ணு இருக்கு, பயாஸ் பாஸ்வர்டு. பயாஸ்ங்கிறது மதர்போர்டுக்குள்ள இருந்து விண்டோஸுக்கு முன்னாலயே ஓடுற அடிப்படை மென்பொருள். திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வர்டு போட்டிருந்து யாருக்கும் தெரியலன்னா மதர்போர்ட மாத்துறதுதான் வழின்னு தயாரிச்ச கம்பெனியே சொல்லுது. வாங்கும்போது கடையிலயே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள்ள போயி பாத்துட்டா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும். யாரும் பாக்குறதில்ல, ஸ்கிரீன்ல கீறல் இருக்கான்னுதான் பாக்குறாங்க.

சரி, எல்லாம் துடைச்சாச்சு, முடிஞ்சதா? இல்ல. வெட்ட வேணாம்னு சொன்னேனே, அந்த ஆட்டோபைலட் இங்கதான் வருது.

மைக்ரோசாஃப்ட் 2017ல கொண்டு வந்த ஏற்பாடு இது. கம்பெனி புது லெப்டாப் வாங்கும்போதே அதோட வன்பொருள் அடையாளத்த மைக்ரோசாஃப்ட் சர்வர்ல தன் பேர்ல பதிஞ்சு வச்சிடும். வேலைக்கு புதுசா சேர்ந்தவரு வீட்டுல உக்காந்து லெப்டாப்ப திறந்து வைஃபை போட்டா போதும், 'இன்ன கம்பெனிக்கு வருக'ன்னு சொல்லி ஓப்பிஸ் ஈமெயில் கேட்டு, ஓப்பிஸ் விதிமுறை எல்லாத்தையும் தானா ஏத்திக்கும். நல்ல வசதிதான். ஆனா பதிவு இருக்குறது லெப்டாப்புக்குள்ள இல்ல, மைக்ரோசாஃப்ட் சர்வர்ல. டிஸ்க்க துடைங்க, புது எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்க, விண்டோஸ எத்தனை தடவ வேணாலும் ஏத்துங்க, மதர்போர்டு அதே மதர்போர்டா இருக்க வரைக்கும் நெட் மாட்டினதும் அந்த கம்பெனி பேரு வந்து நிக்கும். கம்பெனி தன் லிஸ்ட்ல இருந்து எடுத்து விட்டாதான் அது போகும்.

அப்ப விக்கிறவங்க எப்படி விக்கிறாங்கன்னு கேப்பீங்க. நெட் மாட்டாம செட்டப் பண்ணிடுவாங்க. நெட் இல்லன்னா லெப்டாப்புக்கு சர்வர கேக்க வழியில்ல, சாதாரண அக்கவுண்ட் ஒண்ணு போட்டு (விண்டோஸ் 11னா அதுக்கு ஒரு குறுக்கு வழி வேணும்) டெஸ்க்டாப் வரைக்கும் வந்துடலாம், அதுக்கப்புறம் நெட் மாட்டினாலும் சத்தம் காட்டாது. வாங்குறவருக்கு எல்லாம் சுத்தமா தெரியும். மாசக்கணக்குல ஓடும். அப்புறம் ஒரு நாள் ஆண்டிவைரஸ் ஏறல, யாரோ ஒருத்தர் 'ரீசெட் பண்ணு சரியாகிடும்'னு சொல்லுவாரு, இவரும் வைஃபை போட்டபடியே ரீசெட் பண்ணுவாரு, அவ்வளவுதான், அடுத்த தடவ திறக்கும்போது கேள்விப்படாத கம்பெனி பேரும் ஈமெயில் கேக்குற கட்டமும்தான் இருக்கும். ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு அம்மா மகனோட லெப்டாப்ப அப்படி கொண்டு வந்தாங்க, அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய வாரம், பையன் பேசக்கூட இல்ல, சுவத்த பாத்துகிட்டு நின்னான். வித்த கடைக்கு நான் போன் பண்ணி கேட்டேன், 'கேரண்டி ஒரு மாசம்தான் பாஸ், அது முடிஞ்சு போச்சு'ன்னு பதில் வந்துச்சு. ஆட்டோபைலட் பூட்டு ஒரு மாசத்துக்கு அப்புறம் வந்த கோளாறு இல்லயே, விக்கும்போதே இருந்த கோளாறு, அத மறைச்சுதான் வித்திருக்காங்க.

யூடியூப்ல இத தாண்டுறதுக்கு நூறு வீடியோ இருக்கு. நானும் பாத்திருக்கேன். தாண்டலாம், பதிவு அழியாது, அடுத்த ரீசெட்ல திரும்ப வரும். காசு வாங்கிட்டு 'அன்லாக் பண்ணித் தர்றோம்'னு சொல்றவங்க செய்றதும் பெரும்பாலும் அதேதான். அதவிட, கம்பெனி பேரு வந்து நிக்குற லெப்டாப் உண்மையிலேயே கம்பெனி வித்ததா, இல்ல எங்கயாவது காணாம போனதான்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்த சந்தேகம் இருக்கும்போது பூட்ட உடைக்கிற வேலைய நான் தொட மாட்டேன்.

இன்னொரு பூட்டு இன்னும் ஆழமா இருக்கும். ஆப்சொல்யூட், பழைய பேரு கம்ப்யூட்ரேஸ். திருடு போன லெப்டாப்ப கண்டுபிடிக்க செஞ்சது, டெல், எச்பி, லெனோவோ ஓப்பிஸ் மாடல்ல பயாஸுக்குள்ளயே அதோட ஒரு துண்டு இருக்கும். அது ஆக்டிவேட் ஆகியிருந்தா, விண்டோஸ துடைச்சு புதுசா போட்டாலும் பயாஸ்ல இருந்து எந்திரிச்சு வந்து தன்னோட ஏஜென்ட்ட திரும்ப ஏத்திக்கும். சில ஆண்டிவைரஸ் இத பாத்து கத்தும், வாங்குனவரு வைரஸ்னு நெனச்சுப்பாரு. வைரஸ் இல்ல, பழைய முதலாளியோட காவல்காரன். பயாஸ்ல செக்யூரிட்டி பக்கத்துல போயி பாத்தா ஆக்டிவேட்டா டிசேபிளான்னு எழுதியிருக்கும். ஆக்டிவேட்னு இருந்தா அத எடுத்துவிட பழைய கம்பெனிதான் சொல்லணும், இங்கயும் அதே கதைதான்.

இது ரெண்டும் இல்லாம சின்ன பிடி ஒண்ணு இருக்கும், அத நாமளே கழட்டலாம். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதுக்குள்ள 'அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்'னு ஒரு பக்கம், அங்க தெரியாத ஓப்பிஸ் அக்கவுண்ட் இருந்தா அந்த லெப்டாப் இன்னும் அவங்க விதிமுறையத்தான் கேட்டுகிட்டு இருக்கு. விண்டோஸ் செக்யூரிட்டிய திறந்தா 'இந்த அமைப்ப உங்க நிர்வாகி பாத்துக்குறாரு'ன்னு வர்றது பல நேரம் இதனாலதான். அப்படி இருந்தா நான் துண்டு துண்டா பழுது பாக்குறதில்ல, முழுசா துடைச்சு போட்டுடறதுதான்.

பழைய கம்பெனிய மட்டும் சொல்லிட்டு நம்ம கடைக்காரங்கள விட்டா நியாயமில்ல. சில கடையில திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றாங்க, ஆக்டிவேட் பண்ண ஒரு சின்ன கருவி ஓட்டுவாங்க. விண்டோஸோட கூடவே வர்ற டிஃபெண்டர் அந்த கருவிய ஹேக்டூல்னு புடிச்சிடும், அதனால டிஃபெண்டர நிறுத்திட்டுதான் ஓட்டுவாங்க, அப்புறம் திரும்ப புடிக்கக்கூடாதுன்னு விலக்கு லிஸ்ட்ல சேத்துடுவாங்க. ஒரு லெப்டாப்ல சி டிரைவ் மொத்தத்தையும் விலக்கு லிஸ்ட்ல போட்டிருந்தத பாத்தேன். அப்ப டிஃபெண்டர் என்னத்த பாக்கும்? வாசல்ல பச்ச டிக் மட்டும் காட்டிகிட்டு இருக்கும். இந்த லெப்டாப்ல வெளி ஆண்டிவைரஸ் போட்டா அது அந்த கருவிய தூக்கிடும், விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிடும், ஸ்கிரீன் மூலையில எழுத்து வரும், வாடிக்கையாளர் 'ஆண்டிவைரஸ் போட்டதும் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு'ன்னு வருவாரு. கெடுத்தது ஆண்டிவைரஸ் இல்ல. உங்க லெப்டாப்ல பாக்கணும்னா விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதுல மேனேஜ் செட்டிங்ஸ், கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ். நீங்க சேக்காத எதுவும் அங்க இருக்கக்கூடாது.

கொடுமை என்னன்னா, அந்த மதர்போர்டுக்குள்ளயே காசு குடுத்து வாங்குன உண்மையான புரோ கீ இருக்கும். அத விட்டுட்டு திருட்டு விண்டோஸ் போடுறாங்க, ஏன்னா ஒரே இமேஜ (தயார் பண்ணி வச்ச விண்டோஸ் நகல) எல்லா லெப்டாப்புக்கும் அடிச்சா வேல சீக்கிரம் முடியும். சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, வீட்டுல பயன்படுத்துறவங்க பதிஞ்சுகிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்சு குடுத்தாங்க. அதனால விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஏறுமான்னு பாத்து வாங்குங்க. இன்டெல்னா ஐ5, ஐ7க்கு பின்னால வர்ற நம்பர பாருங்க, 8250னு 8ல ஆரம்பிச்சா எட்டாவது தலைமுறை, அங்க இருந்து மேலதான் ஏத்துக்கும், 7200, 6300 எல்லாம் தள்ளுபடி. சில கடையில ஏழாவது தலைமுறையிலயும் வளைச்சு விண்டோஸ் 11 போட்டு வச்சிருப்பாங்க, அதுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. அப்டேட் வராத விண்டோஸ் மேல எவ்வளவு விலை குடுத்து ஆண்டிவைரஸ் போட்டாலும் எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

ஆண்டிவைரஸ் விக்கிறவங்க கோச்சுக்க வேணாம், என் கருத்து இது: சுத்தமா போட்ட விண்டோஸ், ஒழுங்கா வர்ற அப்டேட், கூடவே வர்ற டிஃபெண்டர், வீட்டுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் இது போதும். டிஃபெண்டர் விண்டோஸ் 8ல இருந்து இலவசமா உள்ளயே இருக்கு, வேற ஆண்டிவைரஸ் போட்டா தானா ஒதுங்கிக்கும், அத எடுத்தா தானா திரும்பி வரும். வியாபாரத்துக்கு, பல லெப்டாப்ப ஒண்ணா பாக்கணும்னா காசு குடுத்து வாங்குறதுல அர்த்தம் இருக்கு. அத ஏத்துறதுக்கு முன்னால லெப்டாப் உங்க லெப்டாப்தானான்னு பாக்கணும், அவ்வளவுதான்.

கடையில காசு குடுக்குறதுக்கு முன்னால என்ன பண்ணலாம்னா, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க, கடைக்காரர்கிட்ட லெப்டாப்ப உங்க முன்னாலயே ரீசெட் பண்ணச் சொல்லி, முதல் செட்டப் ஸ்கிரீன் வரும்போது உங்க ஹாட்ஸ்பாட்ல மாட்டச் சொல்லுங்க. கம்பெனி பேரு வராம சாதாரணமா உங்க அக்கவுண்ட் கேட்டா ஆட்டோபைலட் இல்ல. கொஞ்சம் நேரம் எடுக்கும், போயி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க, ஆனா செட்டப் ஸ்கிரீன் வர்ற நேரத்துக்கு பக்கத்துல நில்லுங்க. ரீசெட் பண்ண முடியாது, டைம் இல்ல, நெட் மாட்ட வேணாம், அப்படியே எடுத்துக்கோங்கன்னு சொல்ற கடையில வாங்காதீங்க. ஆன்லைன்ல தனி ஆளுகிட்ட வாங்குறதுனா ரெண்டு மடங்கு கவனம், ஏன்னா வியாபாரம் பண்றவங்க மேலதான் பயனீட்டாளர் சட்டம் பாயும், வீட்டுல கிடந்தத விக்கிற தனி ஆளு மேல பாயாது.

கடையில வாங்கி இப்படி மாட்டிகிட்டவங்க சும்மா விட்டுட வேணாம். 1999ஆம் வருச பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு கீழ பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, மலாய்ல திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கேக்கலாம், பதியுற கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க வேண்டியதில்ல. இங்க நம்ம பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துலயும் போயி கேக்கலாம், தமிழ்லயே பேசலாம். ஆயர் ஈத்தாம் அம்மாகிட்ட மன்றத்துக்கு போங்கன்னு சொன்னேன், 'எதுக்கு தம்பி வம்பு'ன்னாங்க. இதுல வம்பு ஒண்ணும் இல்ல, அஞ்சு வெள்ளி விசயம். நம்மாளுங்க இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போறதுனாலதான் கடைக்காரங்களுக்கு தைரியம்.

கம்பெனிங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய லெப்டாப்ப மொத்தமா எடை போட்டு விக்கும்போது ஆட்டோபைலட் லிஸ்ட்ல இருந்து எடுக்குறது ஐடி ஆளுக்கு பெரிய வேலை இல்ல, சீரியல் நம்பர தேர்ந்தெடுத்து அழிக்கிறதுதான். அத செய்யாம விக்கிறவங்க டிஸ்க்கையும் துடைக்காம விக்கிறாங்க, என் கடைக்கு வந்த ஒரு லெப்டாப்ல யாரோட சம்பளப் பட்டியலோ ஐசி நம்பரோட அப்படியே இருந்துச்சு, பாத்ததும் மூடிட்டேன், ஓனர் சம்மதத்தோட துடைச்சிட்டேன். தேவை முடிஞ்ச தனிநபர் விவரத்த அழிச்சிடணும்னு 2010ஆம் வருசத்து பிடிபிஏங்கிற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. வித்தவங்களுக்கு அது பழைய இரும்பு, அந்த லிஸ்ட்ல பேரு இருக்கவங்களுக்கு அப்படி இல்லயே.

கடைசியா கடைக்காரங்ககிட்ட, நானும் கடை வச்சிருக்கவன்ங்கிற முறையில கேக்குறேன், ரெசிட்ல ரெண்டு விசயம் எழுதுங்க. ஒண்ணு, பழைய கம்பெனி பூட்டு வந்தா எப்ப வந்தாலும் காசு திருப்பித் தருவோம்னு ஒரு வரி. சுத்தமான சாமான் விக்கிறவங்களுக்கு இத எழுத பயமே இருக்காது. இன்னொண்ணு லெப்டாப்போட சீரியல் நம்பர். வாங்குறவங்களும் இத கேட்டு வாங்கிக்கோங்க, வெறும் 'லெப்டாப் ஒண்ணு'ன்னு எழுதுன ரெசிட்ட வச்சுகிட்டு பழைய கம்பெனி ஐடிக்கு மெயில் போட்டா எதுவும் நடக்காது, அவங்க லிஸ்ட்ல இருந்து எடுக்க முதல்ல கேக்குறது அந்த நம்பரத்தான், லெப்டாப்புக்கு அடியில ஒட்டியிருக்க ஸ்டிக்கர் தேஞ்சு போயிருந்தா பயாஸோட முதல் பக்கத்துல இருக்கும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு